உத்தரத்தில் தொங்கும் மணிக்கு ஒரு கம்பி

சோப்புப் போட்டுத் தேய்த்தும் அந்த நெடி என் விரல்களை விட்டுப் போகவில்லை. மூக்குக்குள் ஊசி போல ஏறி, கண்ணில் நீர் வரவழைக்கும் அமோனியா நெடி. நேற்றுக் காலை கோவில் சாமான் அறைக் கதவைத் திறந்ததும் அதுதான் முதலில் வந்தது. பித்தளை பாலிஷ் டப்பாவைக் கண்டு பயப்படுகிற பெண்பிள்ளைகள் இந்தக் கல்கத்தாவில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். இப்போது நான் மட்டும்.

டப்பாவைக் கொண்டு வந்தவள் நியூ டவுனிலிருந்து புதிதாக வரும் பெண். ஐ.டி. வேலை. கோயம்புத்தூர்ப் பக்கம். பிள்ளையார் சதுர்த்திக்குள் கோவில் பளபளக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை. மண்டபத்துக்கு என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் மேலே காட்டினாள்.

"ஆன்ட்டி, மணி தொங்குற கம்பியப் பாருங்க. எப்படி ஷைன் அடிக்குது?"

"எப்போ போட்டே?"

"ஆடி மாசத்துல இருந்தே வாரா வாரம் போடறேன். டப்பா நானே ஆன்லைன்ல வாங்கினது. உங்க கணக்குல வராது, பயப்படாதீங்க. என் காணிக்கை."

மகளிர் குழுவுக்கு வாங்கும் எல்லாவற்றையும் நான் எழுதி வைக்கிறேன். பாலிஷ் என்ற பேச்சே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியும் வைத்திருந்தேன். கணக்குக்குள் வராமல் பக்தி மட்டும் வந்தால் நான் என்ன செய்ய முடியும் சொல். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குத் திட்ட வாய் வரவில்லை. மறுநாள் சதுர்த்தி. கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டிய நாள் நேற்று. நீ இல்லாமல் நான் பார்க்க வேண்டிய முதல் வருஷமும் இதுதான்.

சால்ட் லேக் குவார்ட்டர்ஸில் நீ எனக்கு எதிர்வீடு. என் வீட்டுக்காரர் கணக்குத் துறை, நீ பம்பு செய்யும் கம்பெனியில் வரைவுப் பிரிவு. எந்தப் பாகத்தை எந்த உலோகத்தில் செய்வது என்று முடிவு செய்கிற வேலை. அதற்கு ஒரு வேலையா, அதற்குச் சம்பளமா என்று ஆரம்பத்தில் எனக்கு ஆச்சரியம். பள்ளிக்கூடத்தோடு என் படிப்பு நின்றுபோனது. வங்காளி எழுத்தைக் கடைப் பலகை பார்த்தும், இங்கிலீஷை நீ கழித்துப் போடும் கேட்லாக்குகளைப் பார்த்தும் கற்றுக்கொண்டவள் நான். ஒரு நாள் என் சமையலறையில் நின்றுகொண்டு கேட்டாய்.

"ரசத்தை ஏன் அந்த அலுமினியச் சட்டியில வைக்கல?"

"புளி அலுமினியத்தைத் தின்னுடும்."

"அந்தப் பித்தளைப் பாத்திரத்துல?"

"ஈயம் போயிடுச்சு. பூசினாத்தான் புளி ஊத்தலாம்."

"இரும்புச் சட்டியில?"

"கறுத்துப் போகும்டி. வத்தக்குழம்புக்கு வேணா சரி."

நீ சிரித்தாய். "என் ஆபீஸ்ல உன்னை உட்கார வைக்கலாம். நல்ல உலோகம், கெட்ட உலோகம்னு ஒண்ணுமே கிடையாது. இந்த இடத்துக்கு நல்லதா? அதுதான் கேள்வி. என்ன சுமை, என்ன சூடு, பக்கத்துல என்ன இருக்கு, யார் கை படும். அவ்வளவுதான்."

பிறகு நான் தேங்காய்த் துருவி வாங்கும்போதுகூட அந்த நான்கையும் மனசுக்குள் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். நீ கேலி செய்வாய், நான் விடமாட்டேன். உனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. எனக்குக் காலையில் விளக்கேற்றாமல் காப்பி இறங்காது. பாலிகஞ்ச் பக்கத்துச் சந்தில் நம் ஆட்கள் அந்த நாளிலேயே கட்டிய பிள்ளையார் கோவிலுக்கு நீ வந்ததெல்லாம் சுண்டலுக்காக. அதையும் வாசலில் நின்றே வாங்கிச் சாப்பிடுவாய்.

அன்றைக்கும் சுண்டலுக்குத்தான் வந்தாய். கோவிலைப் புதுப்பித்து முடித்த சமயம். ஒரு குடும்பம் பெரிய வெண்கல மணி கொடுத்திருந்தது. இரண்டு ஆள் சேர்ந்து தூக்கினாலும் தரையை விட்டு எழும்பாத மணி. சந்நிதிக்கு எதிரே, மண்டபத்தின் குறுக்கே போகும் தேக்கு உத்தரத்தில் அதைத் தொங்கவிட்டிருந்தார்கள். தீபாராதனையின்போது குழந்தைகள் எல்லாரும் அதன் அடியில்தான் வந்து நிற்பார்கள். அங்கிருந்துதான் பிள்ளையார் முழுசாகத் தெரிவார்.

வாயில் சுண்டலோடு நீ மேலே பார்த்தாய். மென்று கொண்டிருந்த வாய் நின்றுவிட்டது.

"அந்தக் கம்பி என்ன?"

"பித்தளை. இரும்பு ஆகாதுன்னு குருக்கள் சொல்லிட்டார். சாமிக்கு நேரே, தலைக்கு மேலே இரும்பு இருக்கக் கூடாதாம். ஹவுராவில கடைசல்காரன்கிட்டக் குடுத்துப் பண்ணினது."

"மேல நட்டுக்குப் பக்கத்துல நீலமாத் தெரியுதே, அது?"

"புறா எச்சமா இருக்கும். வைத்தி மாமா தினம் தானியம் போடறார். உத்தரத்துலதான் எல்லாம் உட்காரும்."

"இவ்வளவு பளபளப்பா இருக்கே, என்ன போட்டுத் தேய்க்கறாங்க?"

டப்பாவைக் கொண்டு வந்து காட்டினேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினாய். செருப்பைக் கழற்றிவிட்டு, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கோவிலுக்குள் கால் வைத்தாய். மணிக்கு அடியில் நின்றுகொண்டிருந்த ஒரு குழந்தையைத் தோளைப் பிடித்து நகர்த்தினாய். உன் முகம் மாறியதைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

"சுமை, இறுக்கின நட்டு, இந்த ஊர் ஈரம், அமோனியா. பித்தளைக்கு இது நாலும் ஒண்ணா வரவே கூடாதுடி. பாலிஷ்லயும் அமோனியா, எச்சத்துலயும் அதுதான். இரும்பு வேண்டாம்னது ஒரு பக்தி, புறாவுக்குப் போடறது ஒரு பக்தி, தேய்க்கறது ஒரு பக்தி. மூணும் சேர்ந்து ஒரு கம்பியைத் தின்னுக்கிட்டிருக்கு."

வைத்தி மாமா கோவில் கமிட்டித் தலைவர், பேங்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர். நீ சொன்னதைக் கேட்டு அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

"என்னம்மா நீ, சும்மா பயமுறுத்தறே. பித்தளை துருப்பிடிக்குமோ? எங்காத்துப் பித்தளைக் குடம் எங்கப்பா காலத்துது."

"துருப்பிடிக்காது மாமா. வெடிக்கும். துரு வந்தாலாவது கண்ணுக்குத் தெரியும். இது ஒண்ணுமே காட்டாது, ஒரு நாள் ரெண்டாப் போகும்."

"நாளன்னிக்கு சதுர்த்தி. இப்பப் போய் மணியை இறக்கறதாவது. அபசகுனம்."

"குடத்தை யாரும் தலைக்கு மேல தொங்கவிடல மாமா" என்று நீ சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. பேச்சு அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் நீ மண்ணெண்ணெயும் ஒரு பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு வந்தாய். வெள்ளைப் பொடி வேண்டும், சாக்பீஸ் இருக்கிறதா என்று கேட்டாய். சாக்பீஸ் இல்லை, விபூதிதான் இருந்தது. ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். கம்பியில் நட்டுக்கான மரை தொடங்கும் இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவினாய். ஊற விட்டாய். காய்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு அதன்மேல் விபூதியைத் தூவினாய். பிறகு நாம் காத்திருந்தோம். வாசலில் பூக்காரி வங்காளியில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"வெடிப்பு இருந்தா எண்ணெய் உள்ள போய் உட்கார்ந்திருக்கும். பொடி அதை வெளியே உறிஞ்சும்" என்றாய். "கீறல்னா ஒரு தடவை காட்டிட்டுப் போயிடும். வெடிப்புன்னா துடைச்சுட்டுத் திரும்பத் தூவினாலும் வரும்."

வெள்ளையில் ஒரு மெல்லிய கோடு ஈரமாக எழுந்தது. அதிலிருந்து இன்னொன்று பிரிந்தது, மரத்து வேர் மாதிரி. நீ துடைத்தாய். மறுபடி தூவினாய். மறுபடி வந்தது.

"உன் விபூதி நல்ல விபூதி" என்றாய். அதற்கு மேல் கேலி செய்ய உனக்கும் மனசு வரவில்லை.

வைத்தி மாமா ஏணி ஏறிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இது கடைசல்காரன் போட்ட கோடு" என்றார். பயம் வந்தவர்கள் சில பேர் இப்படித்தான் பிடிவாதக்காரர்களாகிவிடுகிறார்கள். மணியை இறக்க ஆள் கிடைக்காது, சதுர்த்தி முடியட்டும் என்றார்.

சதுர்த்தி அன்று காலை கோவில் நிரம்பி வழிந்தது. தீபாராதனைக்கு மணி அடிக்க வைத்தி மாமாதான் கயிற்றைப் பிடிப்பார். குழந்தைகள் வழக்கம்போல முண்டியடித்துக்கொண்டு வந்தன. அவர்களுக்கு முன்னால் நீ போய் நின்றுவிட்டாய். மணிக்கு நேர் அடியில், இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு. உன் பச்சைப் புடவை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சந்நிதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாமாவைப் பார்த்து நின்றாய்.

"மாமா, அடிக்கணும்னா அடிங்க. என் தலைக்கு மேல அடிங்க. குழந்தைங்க இங்க வராது."

உன்னை இழுத்து வர எனக்குத் துணிவு வரவில்லை. பக்கத்தில் வந்து நிற்கவும் தைரியமில்லை. குருக்கள் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து தீபாராதனைக்குக் கண்ணை மூடாமல் நான் இருந்ததில்லை. அன்று மூட முடியவில்லை. கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையாரைப் பார்க்கவில்லை, கம்பியைத்தான். கண்ணை எடுத்தால் அறுந்துவிடும் என்பதுபோல.

மாமாவின் கை கயிற்றிலேயே இருந்தது. பிறகு விட்டுவிட்டார். குருக்கள் கைமணியை எடுத்து ஆட்டினார். அந்தச் சின்னச் சத்தத்தோடு அந்த வருஷத்துச் சதுர்த்தி நடந்து முடிந்தது. அன்று முழுக்க மாமா உன்னோடு பேசவில்லை. சுண்டலை மட்டும் இலையில் வைத்து, யாரிடமோ கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் ஹவுரா மிஸ்திரி ஆட்களோடு வந்து மணியை இறக்கினார். நட்டைத் தளர்த்திக் கம்பியை வெளியே உருவி, தரையில் மெல்லத் தட்டினார். ஓங்கித் தட்டக்கூட இல்லை. அது நீலம் படிந்த இடத்தில் இரண்டாகப் போனது. "தேகுன் பௌதி" என்று இரண்டு துண்டையும் என் முன்னால் நீட்டினார். பாருங்கள் அண்ணி என்கிறார். உடைந்த இடத்தில் பெரும்பகுதி கறுத்துப் பழசாக இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் மட்டும் புதுப் பித்தளையாக மஞ்சளாக மின்னியது. அந்தக் கொஞ்சம்தான் மணியைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வைத்தி மாமா படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி எனக்குச் சைகை காட்டினாய்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். புதுக் கம்பி எதில் செய்வது என்று பேச்சு வந்தது. மாமா இப்போது உன் பக்கம் சாய்ந்துவிட்டார். வீட்டு பிரிட்ஜிலிருந்து காந்தத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து ஒரு ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் கம்பியில் வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை.

"பாத்தேளா குருக்களே, இரும்பே இல்லை. இதையே போட்டுடலாம்."

நீ ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வேலை சுலபமாக முடிந்திருக்கும். அதுதான் உறுதியானது என்று வீட்டில் என்னிடம் சொல்லியும் இருந்தாய். ஆனால் அங்கே, "ஒட்டலைன்னாலும் அதுல பெரும்பங்கு இரும்புதான் மாமா" என்றாய். "பிள்ளையாரை ஏமாத்த நான் வரல."

திரும்பி வரும் பஸ்ஸில் உன்னைக் கேட்டேன். நம்பாதவளுக்கு எதற்கு இந்த வேலை?

"சூடு ஒரு நிபந்தனை, உப்புக்காத்து ஒரு நிபந்தனை. இரும்பு ஆகாதுங்கறதும் ஒரு நிபந்தனைதான். அங்க கும்பிடறவங்க வெச்சது. பிடிக்காத நிபந்தனையை மறைச்சுட்டுப் பொருள் தேடறவ என் வேலைக்கு லாயக்கில்லை."

மணி செய்யும் அதே வெண்கலத்திலேயே கம்பியையும் வார்த்துவிடலாமே என்று குருக்கள் கேட்டார். வேண்டாம் என்றாய். அதில் வெள்ளீயம் அதிகம், நாதத்துக்கு நல்லது, தொங்குவதற்கு ஆகாது, பட்டென்று முறியும். வெள்ளீயம் குறைந்த, வளைந்து கொடுக்கும் இன்னொரு வெண்கலம் உண்டு, பம்புகளில் போடுவது. அதில் கொஞ்சம் பருமனாகச் செய்யச் சொன்னாய். விலையைக் கேட்டு மாமா என் பக்கம் திரும்பினார். பாலிஷும் புறாத் தானியமும் இனிமேல் வாங்கப் போவதில்லையே என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். புறாக்களுக்குத் தானியம், மாமாவின் சொந்தச் செலவில், பக்கத்து மைதானத்துக்குப் போனது. கம்பியைத் துடைக்க வெறும் காய்ந்த துணி மட்டும் என்று ஆனது.

"இதுக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டேன்.

"அந்தப் பயம் குறைவு. இல்லவே இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். அதனாலதான் வருஷா வருஷம் கழட்டிப் பாக்கணும்."

அப்படித்தான் பார்த்தோம். நீ ஏணியில் நின்று கழற்ற வைப்பாய், நான் கீழே விபூதித் தட்டோடு காத்திருப்பேன். உனக்கு உடம்பு முடியாமல் போன வருஷம் கம்பியைத் தரையில் வைத்து, நீ நாற்காலியில் உட்கார்ந்து என்னைச் செய்யச் சொன்னாய். பூதக்கண்ணாடியை அன்றே என் கையில் கொடுத்துவிட்டாய். திருப்பிக் கொடுத்தபோது வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு அப்போது புரியவில்லை.

நேற்று மணியை இறக்கிக் கம்பியைக் கழற்றியதும் அந்தக் கண்ணாடியோடுதான் உட்கார்ந்தேன். ஒருபக்கம் மாமா, ஒருபக்கம் அந்த நியூ டவுன் பெண். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் வேற தேய்ச்சேனே ஆன்ட்டி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மண்ணெண்ணெய் தடவினேன். ஊற விட்டேன். துடைத்தேன். விபூதி தூவினேன். மரைக்குப் பக்கத்தில், விரல் நகம் அளவுக்கு ஒரு கோடு வந்தது.

துடைத்துவிட்டு மறுபடி தூவினேன். வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. ஈரமா, நிழலா? ஜன்னல் பக்கம் கொண்டு போய்ப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். உன்னிடம் கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நாற்காலி காலியாக இருந்தது.

"என்னம்மா, மாட்டலாமா?" என்றார் மாமா. ஆட்கள் கயிற்றோடு காத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் சதுர்த்தி. சரி என்று சொல்ல ஆசையாக இருந்தது. புது உலோகம், நீ தேர்ந்தெடுத்தது, ஒன்றும் ஆகாது என்று மனசு சொல்லியது. வெடிப்பு என்று அடித்துச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. அப்போது, ஆபீஸிலிருந்து தலைவலியோடு வந்த ஏதோ ஒரு சாயங்காலம் நீ சொன்னது ஞாபகம் வந்தது. "தெரியலைங்கறதும் ஒரு பதில்தான்டி. தெரியற வரைக்கும் கீழ யாரும் நிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"தெரியலை மாமா" என்றேன். "தெரியற வரைக்கும் மாட்ட வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார். என்னோடு வாதாடவில்லை. ஆட்களைப் பார்த்து, "கயித்தைச் சுருட்டுங்கோப்பா" என்றார். உன் பழைய ஆபீஸில் இதைச் சோதிக்கும் வசதி இருக்கிறதாம். கம்பியை ஒரு பழைய வேட்டியில் சுற்றி, அந்தப் பெண்ணே தன் வண்டியில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். பதில் வர இன்னும் நாளாகும். நல்ல பதிலாக வரலாம். வராமலும் போகலாம்.

இன்று காலை மணி மண்டபத்து மூலையில், சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. குழந்தைகள் விரல் முட்டியால் அதைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தன. தீபாராதனைக்குக் குருக்கள் கைமணியை எடுத்ததும், அத்தனையும் ஓடி வந்து, வழக்கமான அந்த இடத்தில் நின்றன. நான் மேலே பார்த்தேன். உத்தரத்தில் ஒரு துளையும், அதன் வழியாகக் கொஞ்சம் வெளிச்சமும்தான் இருந்தது.

நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன்.